உப்புச் சாலையில் ஓடும் பழைய காரைத் துருவிலிருந்து காப்பது எப்படி: மே முதல் ஏப்ரல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

டொராண்டோவில் முதல் பனி விழுவதற்கு முந்தைய நாளே பெரிய சாலைகளில் வெள்ளைக் கோடுகள் தெரியும். பனி வரும் முன்பே உப்புக் கரைசலை லாரி ஊற்றிவிட்டுப் போன தடம் அது. அதைப் பார்த்ததும் எனக்கு என் காரின் அடிப்பகுதிதான் ஞாபகத்துக்கு வரும். 2007 மாடல் கொரோலா. என்ஜினுக்காக இதுவரை பெரிய செலவு எதுவும் செய்ததில்லை. ஒன்டாரியோவில் இந்த வயதுக் கார்கள் பல, என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அடித்தகடு அரித்துப்போய்க் காயலான் கடைக்குப் போய்விடுகின்றன.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பிப்ரவரி மாலையில். மளிகைக் கடை வாசலில் காரைப் பின்னால் எடுக்கும்போது பிரேக் மிதி மெத்தென்று தரைவரை இறங்கியது. பிரேக் எண்ணெய் இரண்டு தனித்தனிச் சுற்றுகளாக ஓடுவதால் ஒன்று போனாலும் இன்னொன்று ஓரளவு பிடிக்கும். அதனால் வண்டி நின்றது. மறுநாள் மெக்கானிக் காரை லிப்டில் ஏற்றி விளக்கடித்துக் காட்டினார். பெட்ரோல் டேங்குக்கு மேலே, பிரேக் குழாயைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புக்கு உள்ளே, குண்டூசி முனையளவு ஓட்டை. கிளிப்புக்கு இரண்டு பக்கமும் குழாய் நன்றாகவே இருந்தது. கிளிப்பை நெம்பி எடுத்தபோது உள்ளேயிருந்து ஈரமான பழுப்புச் சேறு ஒரு விரல்நுனி அளவு உதிர்ந்தது. வெளியே எல்லாம் காய்ந்து கிடந்த நாளில் அந்தச் சேறு மட்டும் ஈரமாக இருந்தது.

அன்றிலிருந்து நான் செய்வதெல்லாம் இரண்டே வேலைகள்தான். இப்படிப்பட்ட மறைவிடங்களுக்கு எண்ணெயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அங்கே தங்கிய உப்பைக் கழுவி வெளியே எடுப்பது. கீழே வருகிற படிகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான். குளிர்காலம் முடிந்த மே மாதத்தில் தொடங்கி அடுத்த ஏப்ரலில் முடிகிற மாதிரி எழுதியிருக்கிறேன். நீங்கள் இதை அக்டோபரில் படித்தால் எண்ணெய் பூசும் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள். மற்றவற்றை வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில், உப்பு என்ன செய்கிறது

இங்கே சாலையில் கொட்டும் உப்பில் பெரும்பகுதி சமையலறையில் இருக்கும் அதே சோடியம் குளோரைடுதான். ஹூரோன் ஏரிக்கரையில் கோட்ரிச் என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஏரிக்கு அடியில் சுமார் 550 மீட்டர் ஆழத்தில் இருப்பதுதான் உலகிலேயே மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். கனடா முழுவதும் சாலைகளில் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பு கொட்டப்படுகிறது.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். வெறும் நீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, அதனால் வேலை மெதுவாக நடக்கும். உப்பு கரைந்ததும் அதே நீர் நல்ல கடத்தியாகிவிடும். கூடவே குளோரைடு, உலோகத்தின் மேல் இருக்கும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தையும் உடைத்துவிடும். உருவாகும் துரு, தின்னப்பட்ட இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அது பெயிண்டை மேலே தள்ளி, அடுத்த துளி உப்புநீருக்கு வழி திறந்துவிடும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்விட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டி வரும்போது சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே இந்த உப்பு பனியை உருக்குவது மந்தமாகிவிடுவதால், கடுங்குளிருக்குக் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு போன்றவற்றைக் கலப்பார்கள். இவற்றுக்கு 35 சதவீத ஈரப்பதமே போதும். அதாவது இவை ஒட்டிய இடம் நாம் நினைப்பதுபோல் காய்வதே இல்லை. அந்தக் கிளிப்புக்குள் இருந்த சேறு ஈரமாக இருந்ததன் காரணம் இதுதான்.

வெப்பநிலையையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் வேதிவினை மெதுவாகும். மைனஸ் 15இல் வெளியே உறைந்து நிற்கும் கார் அன்று அதிகம் துருப்பிடிக்காது. அதே காரை உப்போடும் பனிச்சேற்றோடும் கொண்டுவந்து சூடேற்றிய கராஜில் விட்டால், பனி உருகி, உப்பு கரைந்து, இதமான சூட்டில் துரு வேகமாக ஓடும். கராஜ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கழுவாத காருக்குச் சூடான கராஜ் நல்ல இடமல்ல.

மே மாதம்: அடியில் புகுந்து பார்ப்பது

தேவையானவை: தலையில் மாட்டும் விளக்கு, பழைய ஸ்க்ரூடிரைவர், சின்னச் சுத்தியல், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, போன். கண்ணாடியைத் தவிர்க்காதீர்கள். மல்லாந்து படுத்து மேலே தட்டும்போது துருத்தூள் நேராகக் கண்ணில்தான் விழும்.

காரை உயர்த்த ராம்ப் அல்லது ஜாக் ஸ்டாண்டு கட்டாயம். வெறும் ஜாக்கின் மேல் நிற்கும் காருக்கு அடியில் கையைக்கூட நீட்டக்கூடாது. இன்னொன்று, பழைய காரில் ஜாக் வைக்கும் விளிம்பே துருப்பிடித்து மெலிந்திருக்கலாம். ஜாக்கை ஏற்றும்போது நறநறவென்று சத்தம் வந்தாலோ தகடு மடங்கினாலோ அங்கேயே நிறுத்திவிட்டு, லிப்ட் உள்ள மெக்கானிக்கிடம் போங்கள். வருடத்துக்கு ஒருமுறை டயர் மாற்றப் போகும்போது, கார் லிப்டில் இருக்கையில் ஐந்து நிமிடம் நானும் அடியில் வந்து பார்க்கலாமா என்று கேட்டாலே பலர் சரி என்பார்கள்.

எங்கே பார்ப்பது? கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் ராக்கர் பேனல். பின்சக்கர வளைவின் உள்மடிப்பு. கதவுகளின் கீழ் விளிம்பு, டிக்கிக் கதவின் கீழ்த் தையல், பானெட்டின் முன்மடிப்பு. அடியில் என்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சட்டமான சப்பிரேம், ஸ்பிரிங் உட்காரும் தட்டுகள், பெட்ரோல் ஊற்றும் குழாய். கடைசியாக, மிகுந்த கவனத்தோடு, பிரேக் குழாய்கள்.

கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பது நல்லது. சுத்தியலின் பிடியால் லேசாகத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். உள்ளே அடுக்கடுக்காய் உரிந்த தகடு மொத்து மொத்தென்று சொல்லும், கூடவே உள்ளே பொடி உதிரும் சத்தமும் கேட்கும். மேலோட்டமான பழுப்பு, விரலால் தேய்த்தால் பொடியாக வந்து அடியில் உலோகம் தெரிந்தால், பயப்பட வேண்டாம். அப்பளம் போல அடுக்காக உரிந்து வந்தால் சிகிச்சை தேவை. ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்தும்போது உள்ளே போனால் அது வெல்டர் பார்க்க வேண்டிய விஷயம்.

பிரேம் என்னும் தனி இரும்புச் சட்டத்தின் மேல் உட்காரும் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் பிரேமையே முதலில் பார்க்க வேண்டும். டொயோட்டா டகோமாவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1995 முதல் 2000 வரையிலான மாடல்களில் பிரேம் அரித்துப்போனதால், 2008இல் அமெரிக்காவில் நிறுவனமே அந்த வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பிந்தைய மாடல் டகோமா, டண்ட்ரா, செக்கோயா வண்டிகளின் பிரேம் துருவுக்காக 2016இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின் மதிப்பு 340 கோடி டாலர் வரை என்று கணக்கிடப்பட்டது. மேலே பெயிண்ட் பளபளவென்று இருந்த வண்டிகள்தான் அவற்றில் பல. பழைய பிக்கப் ஒன்றை வாங்கப் போனால், அடியில் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் தட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பார்த்ததையெல்லாம் போனில் படம் எடுத்து, இடத்தின் பெயரும் தேதியும் போட்டு வையுங்கள். அடுத்த மே மாதம் அதே இடத்தைப் பார்க்கும்போது துரு நகர்ந்திருக்கிறதா, நிற்கிறதா என்பதை அந்தப் படம்தான் சொல்லும்.

ஜூன்: அடைப்புகளை எடுப்பது

இது காசில்லாத வேலை, ஆனால் இதற்கு இணையான பலன் தரும் வேலை குறைவு. கதவுகளின் கீழ் விளிம்பிலும் ராக்கர் பேனலின் அடியிலும் நீர் வடிவதற்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மண்ணும் இலைத்தூளும் அவற்றை அடைத்துவிட்டால், உள்ளே போன நீர் அங்கேயே நிற்கும். கதவைச் சாத்தும்போது உள்ளே சளக்கென்று நீர்ச் சத்தம் கேட்டால் ஓட்டை அடைத்திருக்கிறது என்று பொருள். புல் வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் நரம்பு ஒரு துண்டு போதும், உள்ளே விட்டுக் குத்தி எடுக்கலாம். கம்பி வேண்டாம். உள்ளே இருக்கும் பெயிண்டைக் கீறிவிடும்.

முன்கண்ணாடிக்குக் கீழே இலை சேரும் பள்ளத்தையும், மேற்கூரையில் ஜன்னல் இருந்தால் அதன் வடிகுழாய்களையும் சுத்தம் செய்யுங்கள்.

அப்புறம் சக்கர வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பு. நான்கைந்து கிளிப்புகளை எடுத்தால் கழன்று வரும். நான் முதல் தடவை கழற்றியபோது பின்னாலிருந்து இரண்டு கை நிறைய மண் விழுந்தது. அதில் ஒரு மேப்பிள் இலை நரம்புகூடக் கலையாமல் அப்படியே இருந்தது. மண்ணைத் தாளில் பரப்பி வெயிலில் வைத்தேன். மாலையில் பார்த்தால் மேலே வெள்ளைப் பூத்திருந்தது. கோடை நடுவில், கடைசி உப்பு லாரி போய் இரண்டு மாதத்துக்குப் பிறகு, உப்பு இன்னும் சக்கர வளைவுக்குள் குடியிருந்தது. அந்த மறைப்பைக் கழற்றிக் கழுவாமல் வெளியே மட்டும் மெழுகு பூசிக்கொண்டிருந்த வருடங்களை நினைத்தால் இப்போதும் மனசு கேட்காது.

ஜூலை, ஆகஸ்ட்: ஏற்கெனவே இருக்கும் துருவுக்கு வைத்தியம்

வெயிலும் காய்ந்த காற்றும் இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். முறை இது:

1. கம்பி பிரஷால் உதிர்கிறதையெல்லாம் உதிர்த்துவிடுங்கள். பிறகு 80 எண் உப்புத்தாளால், துருவைச் சுற்றி நல்ல பெயிண்ட் தெரியும்வரை தேயுங்கள். கொப்புளம் ஒரு ரூபாய்க் காசளவு இருந்தால் அடியில் துரு அதைவிடப் பெரிதாகத்தான் பரவியிருக்கும். தயங்காமல் திறந்துவிடுங்கள்.

2. சோப்புநீரில் கழுவி நன்றாக அலசுங்கள். குழிகளுக்குள் உப்பு இருந்தால், மேலே எதைப் பூசினாலும் ஒரே வருடத்தில் மறுபடி கொப்புளிக்கும். முழுதாகக் காயவிடுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் உதவும்.

3. குழிகளுக்குள் மிச்சமிருக்கும் துருவுக்குத் துரு மாற்றி பூசுங்கள். பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம் கொண்ட திரவம் இது. துருவோடு சேர்ந்து கறுப்பான, கெட்டியான பொருளாக மாறும். துருவே இல்லாத பளபள இரும்பில் இதைப் பூசுவதால் பயனில்லை. டப்பாவில் சொன்ன நேரம் முழுவதும் விடுங்கள்.

4. அதன்மேல், ஈரத்தைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்ஸி பிரைமர். சாதாரண பிரைமர் ஈரத்தை உள்ளே விடும். அதை மட்டும் அடித்துவிட்டுக் குளிர்காலத்தைக் கடக்க நினைக்காதீர்கள். பிரைமருக்கு மேல் பெயிண்டும் வேண்டும்.

கல் தெறித்து ஏற்பட்ட சின்னப் புள்ளிகளுக்கு டச்சப் பெயிண்ட் ஒரு சொட்டு போதும், ஆனால் அதைக் குளிர்காலத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

இரண்டு தகடுகள் ஒட்டும் தையல் வழியாகத் துரு கசிந்தால் கதை வேறு. உள்ளிருந்து வருகிற துருவை வெளியே பெயிண்ட் அடித்து நிறுத்த முடியாது. அங்கே பெயிண்டை மறந்துவிட்டு, செப்டம்பரில் எண்ணெயைப் பின்பக்கத்திலிருந்து அனுப்புங்கள்.

ஓட்டை விழுந்துவிட்டால்? ராக்கர் பேனல், சப்பிரேம், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம் இவையெல்லாம் காரின் எலும்பு. அழுகிய பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. பைபர்கிளாஸ் ஒட்டுவதும் புட்டி அப்புவதும் ஓட்டையை மறைக்கும், பலத்தைத் தராது. ராக்கர் பேனலுக்குள் நுரை அடித்து நிரப்புவது இன்னும் மோசம், அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒன்டாரியோவில் காரை விற்கும்போது பாதுகாப்புச் சான்றிதழுக்காகப் பார்க்கும் மெக்கானிக் இவற்றையெல்லாம் தட்டிக் கண்டுபிடித்துவிடுவார். வெல்டர் சொல்கிற தொகை காரின் விலையைத் தாண்டினால், அதுவும் எலும்பிலேயே பல இடங்களில் ஓட்டை என்றால், அந்தக் காரை விட்டுவிடுங்கள். விபத்தில் உங்களைத் தாங்க வேண்டியது அந்தத் தகடுதான். எவ்வளவு பிரியமான கார் ஆனாலும் அதில் குழந்தைகளை ஏற்ற வேண்டாம்.

பிரேக் குழாய்கள்: இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்

2015 ஏப்ரலில் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. உப்பு போடும் மாநிலங்களில் ஓடும் 2007 மற்றும் அதற்கு முந்தைய மாடல் வண்டிகளின் பிரேக் குழாய்களைச் சோதிக்கச் சொல்லி, அடிப்பகுதியைக் குளிர்காலம் முழுவதும் கழுவச் சொல்லி. ஏழெட்டுக் குளிர்காலம் உப்பில் ஓடிய வண்டிகளில் இந்தக் குழாய்கள் உடையும் அளவுக்கு அரிக்கப்படுவதை அவர்கள் பார்த்திருந்தார்கள். எல்லையின் இந்தப் பக்கத்திலும் அதே உப்புதான்.

குழாயை நீளவாக்கில் பார்ப்பதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு கிளிப்பையும் விளக்கடித்துப் பாருங்கள். குழாய் பருத்து, மேற்பூச்சு செதிலாக உரிந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கசிவுக்காகக் காத்திருக்காதீர்கள். நல்ல குழாய்போலத் தெரியும் இடத்தில் வெட்டி ஒட்டுப்போடலாம் என்று மெக்கானிக் சொன்னால், முழுக் குழாயையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ஒரே வயது, ஒரே உப்பு. அடுத்த கிளிப்பும் அதே நிலையில்தான் இருக்கும்.

மாற்றும்போது செம்பு நிக்கல் கலவைக் குழாய் போடச் சொல்லுங்கள். 90 சதவீதம் செம்பும் 10 சதவீதம் நிக்கலும் சேர்ந்தது. வோல்வோ 1970களிலேயே இதைத் தன் கார்களில் போட ஆரம்பித்துவிட்டது. சாலை உப்பு இதை அரிப்பது மிகமிகக் குறைவு, வளைக்கவும் எளிது. குழாய்க்கான விலை வித்தியாசம் சின்னது. கூலிதான் பெரிது, அதை எப்படியும் கொடுக்கத்தான் போகிறோம். இந்த வேலையில் முன்பழக்கம் இல்லாதவர்கள் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

செப்டம்பர், அக்டோபர்: எண்ணெய்

முதல் உப்பு விழுவதற்கு முன்பு, காற்று இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கும்போது இதை முடித்துவிட வேண்டும். சூட்டில் எண்ணெய் இளகி, தையலுக்குள் தானாக ஊர்ந்து போகும். நவம்பர் குளிரில் அது தயங்கி நிற்கும்.

பூச்சுகளில் பல வகை. க்ரௌன், ரஸ்ட் செக் போன்ற கனடிய நிறுவனங்கள் அடிப்பது மெல்லிய எண்ணெய். ஊர்ந்து போகும், சொட்டும், வருடா வருடம் அடிக்க வேண்டும். ப்ளூயிட் பிலிம், ஊல்வேக்ஸ் போன்றவை செம்மறியாட்டு உரோமக் கொழுப்பான லானோலினிலிருந்து வருபவை. கொஞ்சம் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், சக்கரம் வாரியடிக்கும் இடங்களுக்கு நல்லது. டினிட்ரால் போன்றவற்றில் மெழுகு வகைகள் உண்டு. சுத்தமான, துரு இல்லாத உலோகத்தில் பல வருடம் நிற்கும். கடைசியாக ரப்பர் போன்ற கறுப்புக் கெட்டிப் பூச்சு.

இந்தக் கடைசி வகையைப் பழைய காருக்கு அடிக்கவே அடிக்காதீர்கள். என் காருக்கு முன்பு ஒரு தடவை அடித்திருந்தேன். பார்க்க அழகாக, ஒரே கறுப்பாக இருந்தது. நான்கு வருடம் கழித்து ராக்கர் பேனலுக்கு அடியில் ஒரு இடத்தில் விளிம்பு தூக்கியிருந்தது. நகத்தால் பிடித்து இழுத்தேன், உள்ளங்கை அகலத்துக்குத் தோல்போல உரிந்து வந்தது. அதன் உள்பக்கத்தில் தகடு தன் பாதிக் கனத்தைப் பழுப்புச் செதிலாக ஒட்டிக் கொடுத்திருந்தது. பூசும்போதே உள்ளே ஈரமும் துருவும் இருந்தால், அந்தப் பூச்சு அவற்றை உள்ளேயே வைத்து மூடிவிடும். ஒரு கல் பட்டு விரிசல் விட்டால் உப்புநீர் உள்ளே போகும், வெளியே வர வழியிருக்காது. பழைய காரில் துரு இல்லாத தையல் கிடையாது. அதனால்தான் காயாத, ஊர்ந்து போகிற எண்ணெய் என்கிறேன். துருவுக்குள்ளேயே ஊறிப் போய் நீரையும் காற்றையும் வெளியே நிறுத்தும் வேலையை அது செய்யும்.

கடையில் கொடுத்தால் சாதாரணக் காருக்கு இருநூறு டாலரை ஒட்டி ஆகும். கொடுப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: அடிப்பகுதி மட்டுமா, கதவு, ராக்கர் பேனல், பானெட், டிக்கிக் கதவு எல்லாவற்றின் உள்ளேயும் அடிப்பீர்களா? உள்ளே அடிக்காதவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

நீங்களே செய்வதானால் இரண்டு நாள் முன்பே அடிப்பகுதியைக் கழுவிக் காயவிடுங்கள். காற்று அழுத்த இயந்திரமும், சுற்றிலும் பீய்ச்சும் முனையுள்ள நீளமான மெல்லிய குழாயும் இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் நீட்டுக் குழாயுடன் வரும் ஸ்பிரே டப்பாக்களே போதும். ராக்கர் பேனலில் ஏற்கெனவே இருக்கும் ரப்பர் அடைப்பானை எடுத்துவிட்டு, குழாயைக் கடைசிவரை உள்ளே விட்டு, மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டே அடியுங்கள். கீழ்த் தையலிலிருந்து எண்ணெய் கசிய ஆரம்பித்தால் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த நொடி அதுதான். அப்புறம் பிரேக் குழாய்கள், அதிலும் ஒவ்வொரு கிளிப்பும். ஸ்பிரிங் தட்டுகள், சப்பிரேமின் உட்குழிவுகள், பெட்ரோல் ஊற்றும் குழாய், பின்சக்கர வளைவின் உள்மடிப்பு.

படக்கூடாத இடங்கள்: பிரேக் தட்டு, பிரேக் பேடு, சூடேறும் புகைக்குழாய், என்ஜின் பெல்ட். தட்டுகளையும் பேடுகளையும் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டுத் தொடங்குங்கள். லானோலின் வகை, எண்ணெய் தாங்காத ரப்பரை உப்பவைக்கும் என்பதால் சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்களிலும் கதவு ரப்பரிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிகரெட், ஹீட்டர், வெல்டிங் எதுவும் அருகில் கூடாது. ஒன்றிரண்டு நாள் சொட்டும். அடியில் அட்டையைப் பரப்பி வையுங்கள், மழைநீர் வடிகாலுக்குள் போகவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு அடிப்பகுதியைக் கழுவ வேண்டாம்.

வடிகால் ஓட்டைகளை எண்ணெய்ச் சேறு அடைத்துவிட்டதா என்று கடைசியில் ஒருமுறை பாருங்கள்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பழைய என்ஜின் ஆயிலை அடியில் பூசி, மண்சாலையில் ஓட்டிப் புழுதி ஏற்றும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அதைச் செய்யாதீர்கள். ஓடிய ஆயிலில் அமிலமும் உலோகத்தூளும் இருக்கும். மண்ணுக்கும் கிணற்றுக்கும் கேடு, உங்கள் தோலுக்கும் கேடு.

மின்னணுத் துரு தடுப்புப் பெட்டி என்று ஒன்றைக் கார் வாங்கும்போதே தலையில் கட்டப் பார்ப்பார்கள். கப்பலின் அடிப்பகுதியில் மின்சாரத்தால் துருவைத் தடுப்பது உண்மையான தொழில்நுட்பம்தான். ஆனால் கப்பலின் அடிப்பகுதி எப்போதும் கடல்நீரில் மூழ்கியிருக்கிறது, மின்சுற்று முழுமையாகிறது. சாலையில் ஓடும் காரில் அங்கங்கே ஒட்டிய ஈரத்துளிகளை ஒரு பெட்டி இணைக்க முடியாது. அந்தப் பணம் பல வருட எண்ணெய்க்கு ஆகும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை: கழுவுதல்

தினமும் கழுவ வேண்டியதில்லை. குளிர் உச்சத்தில் கார் உறைந்தே கிடந்தால் அப்படியே இருக்கட்டும். வெப்பநிலை பூஜ்யத்தைத் தாண்டப்போகிறது என்று வானிலை சொல்லும் நாள்தான் முக்கியம். அன்றுதான் உறைந்திருந்த உப்பு கரைந்து வேலையைத் தொடங்கும். அன்று போய் அடிப்பகுதிக் கழுவலோடு ஒரு கார் வாஷ் செய்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது இப்படி ஒரு நாள் கிடைக்கும்.

தானியங்கி வாஷ்களில் பலவும் பயன்படுத்திய நீரையே மறுபடி பயன்படுத்துகின்றன. கடைசி அலசலுக்குப் புதுநீர் விடும் இடமா என்று விசாரித்துப் பாருங்கள். கையால் பீய்ச்சும் இடமாக இருந்தால் சக்கர வளைவுகளில் நிதானமாக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முனையை மிக அருகில் கொண்டுபோகாதீர்கள், எண்ணெயும் கழன்றுவிடும். வெளியே வந்ததும் கதவு ரப்பர்களைத் துடைத்து, சிலிக்கோன் மசகு கொஞ்சம் தடவுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலை கதவு திறக்காது.

காருக்குள்ளும் உப்பு வருகிறது, அதுவும் நம் காலோடு. பூட்ஸில் ஒட்டிய பனி உருகிக் கம்பளத்துக்குள் இறங்கி, தரைத்தகட்டை மேலிருந்து தின்னும். விளிம்பு உயர்ந்த ரப்பர் தட்டு நான்கு வாங்கிப் போட்டு, நீர் தேங்கும்போதெல்லாம் எடுத்துக் கொட்டுங்கள். கண்ணாடி உள்பக்கம் எப்போதும் மூடுபனி படிகிறது என்றால் கம்பளத்துக்கு அடியில் கைவைத்துப் பாருங்கள். ஈரமாகத்தான் இருக்கும்.

ஏப்ரல்: கடைசிக் கழுவல்

வருடத்தில் ஒரே ஒரு முறைதான் கழுவ முடியும் என்றால் இந்தக் கழுவலைத்தான் செய்வேன். குளிர் போய் வெப்பமும் ஈரமும் சேர்ந்து வரும் மாதம் இது. நான்கு மாத உப்பும் அடியில்தான் இருக்கிறது.

வீட்டின் வெளிக்குழாயைத் திறக்கும் அளவுக்கு உறைபனி நின்றதும் நான் செய்வது இது. புல்தரைக்கு நீர் தெளிக்கும் சாதாரண ஸ்பிரிங்லரைக் காரின் அடியில் தள்ளி வைப்பேன். முன்பக்கம் அரைமணி, நடுவில் அரைமணி, பின்னால் அரைமணி. வேகமான நீர் தேவையில்லை. நல்ல நீர் மெதுவாக, நீண்ட நேரம் ஊற வேண்டும். உப்பு கரைய நேரம் கொடுக்க வேண்டும். முதலில் டிரைவ்வேயில் ஓடிவரும் நீர் பால்கஞ்சி போல மங்கலாக இருக்கும். மூன்றாவது அரைமணியில் தெளிந்துவிடும். அதுவரை நிறுத்துவதில்லை.

பிறகு கதவுகளைத் திறந்து கீழ் விளிம்புகளை, பெட்ரோல் மூடியைச் சுற்றி, டிக்கி ரப்பருக்கு அடியில் கையால் அலசுவேன். ரப்பர் தட்டுகளை எடுத்துவிட்டு, கம்பளத்தைத் தூக்கி நிறுத்தி, கதவுகளைத் திறந்தபடி ஒரு வெயில் நாள் முழுக்கக் காயவிடுவேன். குளிர்கால டயரைக் கழற்றும்போது சக்கரம் உட்காரும் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, சக்கரம் துருவால் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசையை மிக மெல்லிசாகத் தடவச் சொல்வேன். போல்ட் மரைகளில் அந்தப் பசை படக்கூடாது, இறுக்கும் அளவு மாறிவிடும். அப்படியே லிப்டில் இருக்கும்போது போனை எடுத்துக்கொண்டு அடியில் போய், போன வருடத்துப் படங்களை ஒவ்வொன்றாக வைத்து ஒப்பிட ஆரம்பிப்பேன். முதலில் பார்ப்பது டேங்குக்கு மேலே இருக்கும் அந்தக் கிளிப்பை.